விதை தூவுமுன்: பேரா மண்ணில் களையும் மருந்தும்

ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் பல, முன்பு ரப்பர் நின்ற நிலத்திலோ ஈய லம்பம் தோண்டிய நிலத்திலோ எழுந்தவை. வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் வாசலில் கொஞ்சம் பசும்புல் வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. தோட்டம் கைமாறிய பிறகு ஊருக்குள் இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகளுக்கும் அதே ஆசை: பிள்ளைகள் விழுந்தால் முழங்கால் தேயாத ஒரு திடல். விதை வாங்கித் தூவுகிறார்கள், அல்லது புல்பத்தை வாங்கிப் பதிக்கிறார்கள். மூன்று மாதத்தில் லாலாங் முனை மண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறது. பக்கத்திலேயே கோரை. நடந்து நடந்து இறுகிய ஓரத்தில் ரும்புட் சம்பாவ். அப்போதுதான் கடைக்குப் போய், "எந்த மருந்தை அடித்தால் சாகும்?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பேரா மாநிலம் நூறாண்டுக்கு மேலாகப் பதில் தேடியிருக்கிறது. சில களைக்கொல்லிகள் உலகில் முதலில் வந்த இடங்களில் இதுவும் ஒன்று. சில களைகள் அந்த மருந்துகளை மீறிய செய்தியும் இங்கிருந்தே முதலில் வெளியே போயிற்று. அந்த வரலாற்றை மொத்தமாகப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகப் படுவது ஒன்று உண்டு. களையை ஒழித்து மண்ணை வெறுமையாக விட்டவர்கள் மறுபடி மறுபடி தோற்றார்கள். களை போன இடத்தை உடனே வேறு செடியால் மூடியவர்களுக்கே நிலம் அடங்கியது. அந்தத் தோல்விகளுக்கான விலையைத் தோட்டத்தில் மருந்தடித்த தமிழ்ப் பெண்கள் தங்கள் உடலால் கட்டினார்கள்.

லாலாங் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இலை அதன் சிறு பாகம்தான். உடலில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் கிடக்கிறது: வெள்ளை நிறக் கிழங்குத்தண்டு, கணுக்கணுவாக, கூரிய முனையோடு. பெரும்பாலும் மேல் அரையடி மண்ணிலேயே ஓடும். மண் இளகியிருந்தால் இன்னும் ஆழம் போகும். கணு உள்ள ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் தளிர் விட்டுவிடும். அதனால் சாங்குலால் ஒருமுறை கொத்திவிட்டு விதை தூவுகிறவர் ஒரு புதரைப் பல புதர்களாக்கிவிட்டுப் போகிறார். தீ வைத்தால் இலை எரிகிறது, அடியில் உள்ள தண்டுக்கு வெப்பம் எட்டுவதில்லை. சில நாளில் பச்சை முளைக்கிறது, பூவும் தள்ளுகிறது. அந்த வெண்கதிரிலிருந்து விதை காற்றில் பறந்து நெடுந்தூரம் போகிறது. இத்தனை வலிமைக்கும் நடுவில் அதற்கு ஆகாதது நிழல். ரப்பர் மரங்கள் கிளை கோத்துக் கூரை போட்ட பிறகு நிரைகளுக்கு நடுவே லாலாங் தானாக மெலிந்துபோவதைத் தோட்டத்தில் வளர்ந்த எல்லாரும் பார்த்திருப்பார்கள். சிக்கல் எல்லாம் அந்தக் கூரை விழுவதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளிலும், மரத்தை வெட்டி மறுநடவு செய்யும் காலத்திலும்தான்.

கோலகங்சாரில் பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ 1877இல் ரப்பர் கன்றுகளை நட்டார். அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது என்று போற்றப்படும் மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் காடுகள் தோட்டங்களாயின. அப்போது வந்த துரைமாருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: மரத்தின் கீழே ஒரு புல்கூட இருக்கக் கூடாது. பெரட்டு முடிந்ததும் வெளிக்காட்டு வேலைக்குப் போன ஆணும் பெண்ணும் மாதம் தவறாமல் மண்ணைச் சுரண்டிச் சுத்தமாக்கினார்கள். கங்காணி பார்த்து மெச்சும் அளவுக்குத் தரை வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுத்த தரையின் மேல் பேராவின் பிற்பகல் மழை கொட்டியது. சரிவுகளில் மேல்மண் கரைந்து ஓடை சேர்ந்தது. வேர் வெளியே தெரியத் தொடங்கியபோதுதான் முறை தவறு என்று புரிந்தது.

உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும் களையெடுப்புக்குக் கொடுக்கக் காசில்லை. பல தோட்டங்கள் புல்லை அப்படியே விட்டன. அஞ்சிய அளவுக்குப் பால் குறையவில்லை. புதர் மண்டிக் கிடந்ததால் ஏளனம் செய்யப்பட்ட சிறுதோட்டக்காரர்களின் மரங்களும் நன்றாகவே பால் கொடுத்துக்கொண்டிருந்தன. 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதை ஆராய்ந்து, எல்லாச் செடியும் ஒரே வகைப் பகை ஆகாது என்ற முடிவுக்கு வந்தது. மென்மையான செடிகள் இருந்துவிட்டுப் போகட்டும், மண்ணைக் காக்கும். லாலாங் மட்டும் ஒரு வேர்கூட இருக்கக் கூடாது. பின்னாளில் கொடியாகப் படரும் மிக்கானியாவும் அந்த விலக்கப்பட்ட பட்டியலில் சேர்ந்தது. அது படர்ந்த இடத்தில் ரப்பர் கன்றின் அடிமரம் பருப்பது தாமதமாகிறது என்று கழகத்தின் நீண்டகாலச் சோதனைகள் காட்டின.

அந்த ஆராய்ச்சி தந்த பெரிய பரிசு மூடுபயிர். கலப்பகோனியம், சென்ட்ரோசீமா, பியூரேரியா என்ற மூன்று அவரையினக் கொடிகளையும் கலந்து நிரைகளுக்கு இடையே விதைத்தார்கள். கலப்பகோனியம் முதலில் வேகமாகப் படர்ந்து தரையை மூடும். பியூரேரியா பின்னால் தடித்து மேலேறும். மரநிழல் விழத் தொடங்கியதும் சென்ட்ரோசீமா தாக்குப்பிடிக்கும். மூன்றும் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். லாலாங் மேல் ஏறிப் படுத்து வெயிலை மறைக்கும். 1990களில் இந்தியாவிலிருந்து முக்குனா பிராக்டியாட்டா என்ற இன்னும் மூர்க்கமான கொடியும் வந்து, இன்று செம்பனைத் தோட்டங்களில் பரவியிருக்கிறது. வாசல் புல்லுக்கும் தோட்டத்து மூடுபயிருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன். புல் விதைப்பவருக்குத் தோட்டம் விட்டுப்போன சொத்துகளில் மதிப்பு மிக்கது இதுவே என்று நினைக்கிறேன்.

மூடுபயிர் வேர்பிடிக்கும்வரை லாலாங்கை அடக்க மருந்து வேண்டியிருந்தது. முதலில் சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். அதன் உப்புச் சுவையை நாடி மாடுகள் மேயும், மேய்ந்தால் சாகும். லயத்துக்குப் பின்னால் ஒரு பசு கட்டிப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய அச்சம் என்று சொல்லத் தேவையில்லை. அடித்தவர் தோலிலும் மூச்சிலும் என்ன சேர்ந்தது என்று அளந்து பார்க்க யாரும் இல்லை. அடுத்து டலாபோன் வந்தது. அதிக அளவில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்ததால் செலவு பிடித்தது. அங்குமிங்குமாய்த் தலைகாட்டும் லாலாங்கை ஒழிக்க இன்னொரு முறையும் இருந்தது: எண்ணெயில் நனைத்த துணியைக் கையில் பிடித்து ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டே போவது. பொறுமை வேண்டிய அந்த வேலை பெரும்பாலும் பெண்களுக்கே கொடுக்கப்பட்டது.

1962இல் பராகுவாட் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் கண்டுபிடித்தது, கிராமாக்சோன் என்ற பெயரில் மலாயாத் தோட்டங்களில் வெகு சீக்கிரம் இடம்பிடித்தது. காலையில் அடித்தால் வெயில் ஏறி இறங்குவதற்குள் புல் வாடிச் சுருளும். கண்முன்னே பலன் தெரிந்ததால் மண்டோர்களுக்கும் துரைமாருக்கும் அது பிடித்துப்போனது. ஆனால் அது தொட்ட இலையை மட்டுமே கருக்கும். மண்ணில் பட்டதும் களிமண்ணோடு ஒட்டிச் செயலிழக்கும். லாலாங்கின் அடித்தண்டை எட்டவே எட்டாது. சில வாரத்தில் மறுபடி பச்சை. மறுபடி அடி. இந்த வட்டம்தான் பராகுவாட்டைத் தோட்டத்தின் அன்றாடப் பொருளாக்கியது. ஏறத்தாழ பதினெட்டு லிட்டர் கொள்ளும் பம்பை முதுகில் சுமந்து நாளெல்லாம் நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அந்த வேலை அவர்களிடமே தங்கியது. வெயிலில் முகமூடி போட்டால் மூச்சு முட்டும். கையுறை கிழிந்தால் வேறு கிடைக்காது. பம்பின் மூடி ஒழுகி முதுகு நனையும்.

பெண்கள் என்ன ஆனார்கள் என்பதை அச்சில் கொண்டுவந்தது 2002இல் பெண் தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகானித்தாவும் பினாங்கிலுள்ள பூச்சிமருந்து எதிர்ப்பு ஆசிய பசிபிக் வலையமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. மூக்கில் இரத்தம், கண் எரிச்சல், தோல் வெடிப்பு, நகம் கருத்துக் கழன்று விழுதல், மூச்சுத்திணறல் என்று அந்தப் பெண்கள் சொன்னவை பதிவாயின. தெனாகானித்தாவின் நிறுவனர் ஐரீன் பெர்னாண்டஸ் 2014இல் மறையும்வரை இந்தப் போராட்டத்தை விடவில்லை. 2002 ஆகஸ்டில் பராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக மலேசிய அரசு அறிவித்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. ஐ.சி.ஐ.க்குப் பின் இந்த மருந்தை விற்ற நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்து 1989இலேயே அதைத் தன் மண்ணில் தடுத்திருந்தது; சுவீடன் 1983இல்; ஐரோப்பிய ஒன்றியம் 2007இல். இங்கே முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாள். அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே போன பதினேழு ஆண்டுகளும் மருந்தடிக்கும் பெண்களின் நுரையீரல் வழியாகப் போன ஆண்டுகள். இன்றைக்கும் யாராவது பழைய போத்தல் ஒன்று இருக்கிறது என்று புல்தரைக்கு அடிக்கப் பார்த்தால், அதைத் தொடாமல் வேளாண்மைத் துறையிடம் ஒப்படைக்கும் வழி கேட்க வேண்டும்.

கிளைபோசேட் வேறு வகை. 1970இல் மொன்சாண்டோவின் வேதியியலர் ஜான் பிரான்ஸ் அதன் களைக்கொல்லும் தன்மையைக் கண்டார். 1974இல் அது ரவுண்டப் என்ற பெயரில் உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இங்கே அது வந்தது ரப்பருக்காக. இலை வழியே புகுந்து, செடி தன் உணவை அடித்தண்டுக்கு அனுப்பும் அதே பாதையில் கீழிறங்குகிறது. அதனால் லாலாங்கின் வேர்வரை போய்க் கொல்லும் மருந்தாக அது பெயர் வாங்கியது. எண்ணெய்த் துணியின் இடத்தில் கிளைபோசேட் துணி வந்தது. 2015இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று கருத இடமுள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை உள்ளிட்ட பல ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு இலங்கை, சிறுநீரக நோய் அச்சத்தால் முழுத் தடை போட்டது. தேயிலைக்கும் ரப்பருக்கும் 2018இல் விலக்கு அளித்தது. இந்தச் சர்ச்சை தீரவில்லை. என் முடிவு எளியது: ஆண்டுக்கு ஒருமுறை, கையுறையோடு, வேண்டிய செடிமேல் மட்டும் என்றால் பயன்படுத்தலாம், மாதாமாதம் தரை முழுக்க அடிப்பது தேவையற்ற ஆபத்து.

மாதாமாதம் அடித்ததன் பலன் எங்கே முதலில் தெரிந்தது என்பது பேராக்காரர்கள் அறிய வேண்டியது. 1997இல் தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்தில், ஆண்டுக்குப் பலமுறை கிளைபோசேட் அடித்தும் ரும்புட் சம்பாவ் சாகவில்லை. எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது, சாதாரணச் செடியைக் கொல்லும் அளவைப் போல 8 முதல் 12 மடங்கு தேவைப்பட்டது. இந்தப் புல்லில் கிளைபோசேட் எதிர்ப்பு உறுதியாகப் பதிவான முதல் இடம் அது. மருந்து பற்றிக்கொள்ளும் நொதியில் 106ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்தது, அவ்வளவுதான் காரணம். 2015 வாக்கில் மலேசியச் செடிகளில் அதே நொதியில் இன்னோர் இடமும் சேர்ந்து மாறி, எதிர்ப்பு பன்மடங்கு ஏறியிருந்தது கண்டறியப்பட்டது. பராகுவாட்டுக்கும் குளுபோசினேட்டுக்கும் அடங்காதவையும் நாட்டில் உண்டு. பொலோ மைதானத்துத் திடலோரத்திலோ பள்ளி ஓட்டப் பாதையிலோ தட்டையாகப் படுத்துக் கிடக்கும் அந்த வெண்தண்டுப் புல் மருந்துக்குச் சாகவில்லை என்றால், அளவைக் கூட்டுவது வீண்.

இனி வாசலுக்கு வருவோம். புல்தரைச் சிக்கலின் கரு இதுதான்: புல்லுக்குள் புல். அகன்ற இலைக் களைக்கு, தொட்டாற்சிணுங்கி போன்றவற்றுக்கு, புல்லைத் தொடாத மருந்துகள் உண்டு. கோரைக்கும் ஹாலோசல்பூரான் உண்டு. ஆனால் மாட்டுப்புல் தரையிலிருந்து லாலாங்கையோ சம்பாவையோ தனித்துக் கொல்லும் மருந்து வீட்டுக்காரர் கைக்கு எளிதில் கிடைப்பதில்லை. முளைக்குமுன் தடுக்கும் மருந்துகள் களைவிதையை நிறுத்தும். நீங்கள் தூவப்போகும் புல்விதையையும் சேர்த்தே நிறுத்திவிடும். ஆகவே செய்ய வேண்டியதையெல்லாம் விதைக்கு முன்பே செய்தாக வேண்டும். விதைத்த பிறகு எஞ்சுவது கை மட்டுமே.

லாலாங் இருந்தால் முதலில் அதை வெட்டி, முழங்காலுக்குக் கீழ்வரை புதுத்தளிர் வர விட வேண்டும். முற்றிய இலையைவிட இளம் இலை மருந்தை நன்றாக வாங்கிக் கீழே அனுப்பும். காலைப் பனி உலர்ந்த பிறகு அடிக்க வேண்டும். பேராவில் மூன்று மணிக்கு மேல் மழை வராது என்று நம்ப முடியாது, நான்கைந்து மணி நேரமாவது இலை உலர்ந்திருக்க வேண்டும். கால்வாய்க் கலங்கல் தண்ணீரில் கரைக்கக் கூடாது. சேற்றோடு கிளைபோசேட் ஒட்டிக்கொண்டு பாதி வீணாகும். இந்த ஒரு பிழையால் எத்தனையோ பேர் மருந்து கள்ளம் என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறார்கள். இலை மஞ்சளாகிறது என்று உடனே கொத்தக் கூடாது. இரண்டு மூன்று வாரம் மருந்து கீழிறங்க விட வேண்டும். உறங்கிக் கிடந்த கணுக்கள் ஒன்றரை மாதத்தில் தலைகாட்டும். அவற்றை மட்டும் துணியாலோ பஞ்சாலோ துடைக்க வேண்டும். பழைய தோட்டத்துத் துடைப்பு முறை இங்கேதான் பொன்னாகிறது: ஏற்கெனவே குட்டையாகப் புல் இருக்கும் தரையில் மேல்விதை தூவப் போகிறவர், அதைவிட உயர்ந்து நிற்கும் லாலாங் இலையை மட்டும் துடைத்தால் கீழுள்ள புல்லுக்கு ஒன்றும் ஆகாது.

அதன்பின் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு இளக்கி, விதைக்காமல் மழைக்கு விட வேண்டும். மேலாக இருந்த களைவிதைகள் முளைக்கும். அவற்றை மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு, மறுபடி ஆழமாகக் கிளறாமல் புல்லை நட வேண்டும். ஆழக் கிளறினால் அடியில் உறங்கும் அடுத்த தொகுதி மேலே வரும். இந்தக் காத்திருப்புதான் எல்லாருக்கும் கசக்கிறது. பண்டிகைக்குள் வாசல் பச்சையாக வேண்டும் என்கிறார்கள்.

கோரை வேறு கதை. 1977இல் ஹோம் என்ற அறிஞரும் அவர் குழுவும் உலகின் கொடிய களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கோரைக்குக் கொடுத்தார்கள். ஐந்தாமிடம் சம்பாவ், ஏழாமிடம் லாலாங். நம் வாசலில் இந்த மூன்று படையும் நிற்கின்றன. இரண்டாமிடத்தில் இருப்பதோ அருகம்புல்; கோல்ப் திடல்களில் காசு கொடுத்து வளர்க்கும் புல் அது. கோரையின் கிழங்குகள் சங்கிலியாகத் தொடுத்திருக்கும். தலையைப் பிடுங்கினால் அடுத்த கிழங்கு விழிக்கும். முளைத்த மூன்று வாரத்துக்குள், புதுக்கிழங்கு கட்டுமுன், மறுபடி மறுபடி கிண்டியெடுத்தால் கிழங்கின் சேமிப்பு தீரும். அதற்கும் நிழல் ஆகாது. சம்பாவுக்கு வேர் ஆழமில்லை. மழை பெய்து மண் நனைந்த மறுநாள், கதிர் விடுவதற்கு முன், வேரோடு பிடுங்குவதே போதும். ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும் என்பதால் ஒரு வாரத் தாமதமும் அடுத்த ஆண்டுத் தொல்லை. அது இறுகிய மண்ணின் புல். பாதையை மாற்றி, இறுகிய இடத்தை முள்கரண்டியால் குத்தித் தளர்த்தாமல் அங்கே வேறு புல்லை வளர்க்க முடியாது.

விதையா பத்தையா என்று கேட்டால், பேராவுக்கு நான் பத்தைப் பக்கம்தான். வடக்கத்திய நாடுகளில் இலையுதிர்காலத்தில் மேல்விதை தூவுவது போல் இங்கே தூவினால், ஒரு கனமழையில் விதை கால்வாய்க்குப் போய்விடும். மாட்டுப்புல் ஓடுகொடியால் தானே பரவும். கையளவு பத்தைகளை இடைவெளி விட்டுப் பதித்தால் சில மாதத்தில் கூடிவிடும், மர நிழலையும் தாங்கும். ஆனால் பத்தையோடு வருவதையும் பார்க்க வேண்டும். லாரியில் வரும் மேல்மண்ணும் விலைக்கு வரும் பத்தையும் கோரைக் கிழங்கைச் சுமந்து வருகின்றன. வாங்குமுன் ஒரு பத்தையைத் தண்ணீரில் அலசி வேரைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பதித்த பிறகு அடிக்கடி, ஆனால் மிகத் தாழ்த்தாமல் வெட்ட வேண்டும். லாலாங் தொடர்ந்த வெட்டைத் தாங்காது. இரண்டு அங்குல உயரத்துக்குக் கீழே மழித்தால் மாட்டுப்புல் மெலிந்து, சம்பாவுக்கும் கெமுஞ்சுப்புக்கும் வெயில் கிடைக்கும்.

பள்ளித் திடலுக்கு ஓராண்டு அவகாசம் இருந்தால் மூடுபயிரைத்தான் சொல்வேன். லாலாங் நிலத்தில் ஒருமுறை கிளைபோசேட், பிறகு கலப்பகோனியமும் பியூரேரியாவும் விதைப்பு. எட்டு முதல் பன்னிரண்டு மாதம் அது மூடிக் கிடக்கட்டும். பின் வெட்டி மக்கவிட்டு மாட்டுப்புல் பதித்தால், இளகிய, நைட்ரஜன் சேர்ந்த மண்ணில் புல் விரைந்து பிடிக்கும். ஈய லம்ப மணலுக்கு இது இன்னும் பொருந்தும். அந்த மணலில் சத்தும் இல்லை, ஈரமும் நிற்பதில்லை. முக்குனாவை மட்டும் வேண்டாம். வேலி, கூரை, பக்கத்து வீட்டுப் பழமரம் என்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆடு விட முடியுமானால் அதுவும் நல்லதே. ரப்பர் நிழலில் செம்மறி மேய்த்துக் களையெடுப்புச் செலவைக் குறைக்கலாம் என்று ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே 1970களிலும் 80களிலும் சோதித்துக் காட்டியது.

இப்போது தோட்டத்து மருந்துப் பம்பை முதுகில் சுமப்பவர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த இளைஞர். தாமானில் கூலிக்குப் புல்லுக்கு மருந்தடிக்க வருபவரும் பலநேரம் அவரே. மலேசிய லேபிளில் நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணப்பட்டை உண்டு: கருப்பும் சிவப்பும் கொடியவை, மஞ்சளும் நீலமும் குறைந்தவை, வெள்ளை கடைசி. வீட்டுக்காரரோ பள்ளி வாரியமோ வேலையை ஒப்படைக்குமுன் போத்தலைக் கையில் வாங்கி அந்தப் பட்டையைப் பார்க்கட்டும். கையுறையும் மூடிய காலணியும் கழுவ நல்ல தண்ணீரும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் பம்பு ஒழுகுகிறதா என்று பார்க்கட்டும். ஒழுகினால் அன்றைக்கு மருந்து வேண்டாம்.